சிகரெட் பெட்டிக்கு நாலு சக்கரம்

பிளாஸ்டிக் மாடல் கார் கட்டுவது சின்னப் பசங்க வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு முறை அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே கார் இருக்காது. ஜன்னல் கம்பி மாதிரியான பிளாஸ்டிக் சட்டங்களில் குட்டிக் குட்டிப் பாகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ரப்பர் டயர் நாலு, விளக்கப் படங்களோடு ஒரு கையேடு, ஒரு கவருக்குள் ஒட்டுப்படங்கள் அச்சடித்த ஒரு தாள். அவ்வளவுதான். பசை தனியாக வாங்க வேண்டும். பெயின்ட் தனியாக வாங்க வேண்டும். பொறுமை எந்தக் கடையிலும் கிடைக்காது!

இந்த விளையாட்டின் தலைநகரம் ஜப்பானில் இருக்கும் ஷிசுவோகா. தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று மாடல் உலகம் மதிக்கும் கம்பெனிகள் பலவும் அந்த ஒரே வட்டாரத்தில்தான். இவற்றில் தமியா 1946ல் மரம் அறுக்கும் கம்பெனியாக ஆரம்பித்தது. மரத்தில் பொம்மைக் கப்பல் செய்து, பிறகு 1960ல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1967ல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரை 12ல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. அன்றிலிருந்து ரேஸ் கார் மாடல் என்றாலே முதலில் வாயில் வரும் பெயர் தமியாதான்.

தமியா பிற்பாடு வெளியிட்ட ஒரு கார்தான் இங்கே விஷயம். மெக்லாரன் எம்.பி. 4/4. 1988ம் வருடத்துக் கார். அந்த வருடம் மொத்தம் 16 ரேஸ். அதில் 15ல் ஜெயித்தது இந்தக் கார். அயர்ட்டன் செனா 8, அலன் புரோஸ்ட் 7. மிச்சமிருந்த ஒன்று இத்தாலியின் மோன்சாவில் ஃபெராரிக்குப் போனது. ஃபார்முலா ஒன் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட அந்தச் சிவப்பு வெள்ளைக் காரை எங்கோ ஒரு போஸ்டரில் பார்த்திருப்பார்கள்.

இந்தக் காரின் மாடலை இன்று ஒருவர் வாங்கி, ஒட்டுப்படத் தாளைப் பிரித்துப் பார்த்தால் ஹோண்டா இருக்கும். ஷெல் இருக்கும். டயர் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் பின் இறக்கையில் பெரிய எழுத்தில் இருந்த அந்த ஒரு பெயர் பெரும்பாலும் இருக்காது. மார்ல்பரோ. சிகரெட் பெயர்.

இதில் என்ன பெரிய பிரச்சினை, சிகரெட் விளம்பரம் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான். ஆனால் அந்தக் காரைக் கையால் பெயின்ட் அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் பெயின்ட் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிங்கரிங் கடையில் அடிபட்ட காருக்கு என்ன செய்கிறார்களோ, அதே வேலைதான் இங்கேயும். அளவுதான் இருபதில் ஒன்று. முதலில் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப்பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், கை ரேகை பட்டிருந்தாலும், பெயின்ட் அந்த இடத்தில் பிடிக்காது. அடுத்து, அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று உடம்பு முழுக்க ஓடும். நிஜக் காரில் அப்படி ஒரு கோடு கிடையாது. உப்புத்தாள் போட்டு அதைத் தேய்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி பார்க்க வேண்டும். பிறகு பிரைமர்.

பிரைமர் என்ன நிறம் என்பது முக்கியம். சாம்பல் பிரைமர் குறைகளைக் காட்டிக்கொடுக்கும், அதனால் நல்லது. ஆனால் சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்கள் கீழே இருப்பதை மறைக்காது. சாம்பல் மேல் சிவப்பு அடித்தால் அழுக்குச் சிவப்புதான் கிடைக்கும். வெள்ளை மேல் அடித்தால்தான் அது விழித்துக்கொள்ளும்.

மெக்லாரன் சிவப்புக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். காரணம், அது சாதாரணச் சிவப்பே இல்லை! நேரில் பார்த்தால் ஆரஞ்சு கலந்து பளீரென்று அடிக்கும் ஃப்ளூரசன்ட் சிவப்பு. சாலை வேலை செய்பவர்கள் போடும் மேல்சட்டை நிறம் போல. டிவி கேமரா வழியாக வரும்போது அது சிகரெட் பெட்டியின் சிவப்பு மாதிரியே தெரியும் என்பதற்காக அப்படி அடித்தார்கள். அதாவது, கண்ணுக்காக இல்லை, கேமராவுக்காகத் தேர்ந்தெடுத்த நிறம். அதனால் மாடல் கட்டுபவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. 1988ல் எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு ஒருவர் சிவப்பு என்பார், இன்னொருவர் ஆரஞ்சு என்பார். ஃபிலிமுக்கு ஃபிலிம், வெயிலுக்கு வெயில் அந்த நிறம் மாறும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தமியாவின் ஸ்பிரே டப்பாக்களில் இதற்கென்றே போல டிஎஸ்-36 என்று ஒரு ஃப்ளூரசன்ட் சிவப்பு உண்டு. அது மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் பெயின்ட். கீழே வெள்ளை ஒரே சீராக இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரே அடியில் மூடிவிடலாம் என்று அவசரப்பட்டால் ஓரங்களில் வழிந்து கண்ணீர்த்துளி போல் நின்றுவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நிஜக் கார் நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 20ல் ஒன்று என்றால் கையில் இருப்பது சுமார் 22 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் தூசி ஒன்று பெயின்டில் உட்கார்ந்தால், நிஜக் காரில் அது ஒரு சென்டிமீட்டர் கூழாங்கல்! பெயின்ட் கனம் 0.1 மில்லிமீட்டர் ஆனால், நிஜக் காரில் அது 2 மில்லிமீட்டர். தோசை மாதிரி. கதவு இடுக்கு, பேனல் கோடு எல்லாம் மூடிப்போகும். அதனால்தான் பனி தூவுவது போல மெல்லிய கோட் முதலில், அது ஒட்டிக்கொண்ட பிறகு இன்னொன்று, கடைசியில்தான் கொஞ்சம் ஈரமான கோட். டப்பாவை ரொம்பத் தள்ளிப் பிடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக, ஆரஞ்சுப்பழத் தோல் போல விழும். ரொம்பக் கிட்டே பிடித்தால் வழியும்.

மழைக்காலம், கடலோர ஊர் என்றால் இன்னொரு வில்லன். லேக்கர் பெயின்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சட்டென்று குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படியும். பளபளப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். சென்னை மாதிரி ஊரில் நவம்பர் மாதம் ஸ்பிரே அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலக்கலாம். அல்லது நல்ல வெயில் நாளுக்குக் காத்திருக்கலாம். காத்திருப்பதுதான் மலிவு.

பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டுப் பார்க்கக் கூடாது. மோந்து பார்க்க வேண்டும். வாடை வருகிறது என்றால் உள்ளே இன்னும் தின்னர் இருக்கிறது. வாடை நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்த வேலை மாஸ்கிங். சிவப்பு எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்று டேப் ஒட்டிப் பிரிப்பது. மெல்லிய காகித டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, புது பிளேடால் மெல்லிய பட்டையாக நறுக்கி, வளைவு வளைவாக ஒட்ட வேண்டும். நறுக்காத பழைய ஓரத்தை அப்படியே பயன்படுத்தினால் அதில் ஒட்டியிருக்கும் தூசி வழியாகச் சிவப்பு உள்ளே ஊறி, பல் பல்லாகத் தெரியும்.

வாடை நின்ற பிறகு, டேப்பை மெதுவாக, வந்த வழியே மடக்கி உரிக்கிறார் கட்டுபவர். அந்த நிமிடம் ஒரு விஷயம் புரியும். வெள்ளை உடம்பு. மேலே சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் சாய்வான, கூரை போன்ற ஒரு கூர்முனை. இன்னும் ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை. ஆனாலும் மேஜை மேல் இருப்பது ஒரு மார்ல்பரோ பெட்டி!

1950களில் வடிவமைத்த அந்தப் பெட்டியின் சிவப்புக் கூரையைத்தான் 1974 முதல் 1996 வரை மெக்லாரன் கார்கள் சுமந்துகொண்டு ஓடின. எழுத்துக்கு முன்னாலேயே விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒட்டுப்படத்துக்கு வரலாம்.

டீகால் என்று சொல்லும் இந்த ஒட்டுப்படம், பபிள்கம் கவருக்குள் வந்த டாட்டூவின் பெரியண்ணன். தண்ணீர் தொட்டுக் கையில் அமுக்கிய அந்த டாட்டூ மாதிரிதான் இதுவும், கொஞ்சம் படித்த குடும்பம். ஒரு தாள். அதன் மேல் தண்ணீரில் கரையும் பசை. அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம். அந்தப் படலத்தில்தான் மை. சிவப்பு, மஞ்சள் எழுத்துக்குக் கீழே பெரும்பாலும் வெள்ளை மை ஒரு அடுக்கு இருக்கும், இல்லாவிட்டால் காரின் நிறம் ஊடே தெரிந்துவிடும்.

வேண்டிய படத்தை மட்டும் வெட்டி, பத்து இருபது வினாடி தண்ணீரில் முக்கி, வெளியே எடுத்து வைக்க வேண்டும். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை முழுக்கக் கரைந்து போகும். ஒரு நிமிடத்தில் பசை இளகியதும், படம் தாளின் மேல் வழுக்கும். அப்போது தாளைக் காரோடு சேர்த்து வைத்து, ஈரமான பிரஷ்ஷால் படத்தை அப்படியே தள்ள வேண்டும். இடம் சரிபார்த்த பிறகு, பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுக்க வேண்டும்.

வளைவான இடத்தில் படம் உட்காராது. முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் படலத்தை இளக்கும் திரவம். தடவிய கொஞ்ச நேரத்தில் படம் சுருங்கிக் கசங்கிக் கிழவி முகம் மாதிரி ஆகிவிடும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு நெஞ்சு நின்றுவிடும். அந்த நேரம் செய்ய வேண்டிய ஒரே வேலை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது. தொட்டால் கிழியும். விட்டால் காயக் காயத் தானாகவே இழுத்துக்கொண்டு, பெயின்ட் போலவே ஒட்டிக்கொள்ளும்.

பளபளப்பு இல்லாத பரப்பில் ஒட்டினால் இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் காற்று மாட்டிக்கொண்டு, படலம் வெள்ளி பூசியது போல் மின்னும். தூரத்திலிருந்து பார்த்தாலே 'இங்கே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் முதலில் பளபளப்பு, பிறகு படம், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்ற வரிசை.

சரி, எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஹோண்டா வந்துவிட்டது. ஷெல் வந்துவிட்டது. 12 என்ற எண் வந்துவிட்டது. பின் இறக்கை மட்டும் காலியாக நிற்கிறது. போட்டோவில் இருக்கிறது, மேஜையில் இல்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு காலத்தில் ரேஸ் கார்களுக்கு நாட்டின் நிறம்தான். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை. விளம்பரத்துக்கு ஃபார்முலா ஒன்னில் இடமில்லை. 1968ல் அந்தத் தடை விலகியதும் லோட்டஸ் அணி தன் பச்சையை விட்டுவிட்டு, கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. அந்த ஏப்ரல் 7ம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்மில், ஃபார்முலா டூ ரேஸில், ஜிம் கிளார்க் இறந்தபோது அவர் ஓட்டிய லோட்டஸ் அந்த நிறங்களில்தான் இருந்தது. அடுத்த மாதம் ஸ்பெயினின் ஹராமாவில் கிரஹாம் ஹில் ஜெயித்ததும் அதே நிறங்களில்தான்.

பிறகு வெள்ளம். 1972ல் லோட்டஸ் கறுப்பு தங்கமாகி ஜான் பிளேயர் ஸ்பெஷல் ஆனது. அந்தக் கறுப்பின் மேல் ஓடும் மெல்லிய தங்கக் கோடு ஒரு பேனலிலிருந்து அடுத்த பேனலுக்கு இம்மி பிசகாமல் சேர வேண்டும் என்பதுதான் இன்றும் மாடல் கட்டுபவர்களின் முதுகை உடைக்கும் வேலை. 1987ல் அதே லோட்டஸ் கேமல் மஞ்சள். 1994ல் வில்லியம்ஸ் ராத்மன்ஸ் நீலம். அந்த நாற்பது வருட ஃபார்முலா ஒன் சரித்திரத்தின் அழகான கார்களை வரிசையாக நிறுத்தினால், பெட்டிக்கடையின் மேல்தட்டு மாதிரி இருக்கும்!

எல்லா நாடும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன், ஜெர்மனி போன்ற இடங்களில் கட்டுப்பாடு இருந்ததால், அங்கே ரேஸ் நடக்கும்போது சிகரெட் பெயரை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட்டார்கள். இதில் குறும்பு செய்தது ஜோர்டான் அணி. அவர்களுக்குப் பணம் கொடுத்தது பென்சன் அண்ட் ஹெட்ஜஸ். 1997ல் அதே எழுத்துகளைத் திருகி 'பிட்டன் ஹிஸ்ஸஸ்' என்று பாம்புப் படத்தோடு வந்தார்கள். 1998ல் 'பஸ்ஸின் ஹார்னெட்ஸ்' என்று குளவி. பிறகு, ஆங்கிலப் பெயரிலிருந்து சில எழுத்துகளை மட்டும் உருவிவிட்டு 'பீ ஆன் எட்ஜ்'. சட்டப்படி அது சிகரெட் பெயர் இல்லை. ஆனால் படித்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனது இதே ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில்தான்.

அந்த 2005 ஜூலையோடு ஐரோப்பிய யூனியன் புகையிலை ஸ்பான்சர்ஷிப்பை மூடியது. ஆனால் ஃபெராரி மார்ல்பரோவை விடவில்லை. பெயரை எடுத்துவிட்டு, சிவப்பு உடம்பில் வெள்ளை, கறுப்புக் கோடுகளாக பார்கோடு ஒன்று போட்டார்கள். அது மறைமுக விளம்பரம் என்று எதிர்ப்பு கிளம்ப, 2010 மே மாதம் ஸ்பெயின் ரேஸுக்கு முன்னால் அதையும் எடுத்தார்கள்.

இந்த வித்தை தமிழ்நாட்டு டிவி ரசிகர்களுக்குப் புதிதில்லை. சாராயக் கம்பெனி சோடா விற்பதாக விளம்பரம் செய்தால் யாராவது சோடா வாங்கவா ஓடுவார்கள்? 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் வேர்ல்ட் கப். அப்போது இந்திய ஆட்டக்காரர்களின் சட்டையிலும் அதே வில்ஸ்தான். சிகரெட் என்றே தெரியாமல் அந்தப் பெயரை நோட்டுப் புத்தகத்தில் வரைந்த பையன்கள் ஊருக்கு நூறு பேர் இருந்திருப்பார்கள். 2003ல் இந்தியாவும் சட்டம் போட்டுப் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது.

மாடல் பெட்டிகளிலிருந்தும் சிகரெட் பெயர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போனது இந்தக் காற்றில்தான். கம்பெனிகளைக் குறை சொல்ல முடியாது. சிறுவர்களும் வாங்கும் பெட்டி. ஆனால் இடம் காலியாக இருந்தால் யாராவது வந்து நிரப்பத்தானே செய்வார்கள்? விட்டுப்போன பெயர்களை மட்டும் அச்சடித்துத் தனித் தாளாக விற்கும் சின்னச் சின்ன அச்சுக்காரர்கள் பல நாடுகளில் கிளம்பினார்கள். பழைய தாள்களைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. வருடக்கணக்கில் கிடந்து மஞ்சளேறிய தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும் என்பது பழைய கைகளின் வைத்தியம். கிழவனாகிவிட்ட படலம் தண்ணீரில் போட்டதும் சுக்குநூறாக உடைவதும் உண்டு. அதற்கு முன்னால் அதன் மேல் ஒரு கிளியர் கோட் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். ஒரு சிகரெட் பெயரைக் காப்பாற்ற இவ்வளவு பாடு!

இங்கேதான் கட்டுபவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொல்கிறது: கார் எப்படி ஓடியதோ அப்படியே இருக்க வேண்டும். பெயரை எடுப்பது சரித்திரத்தை அழிப்பது. இன்னொரு கட்சி சொல்கிறது: பணம் வாங்காமல் ஒரு சிகரெட் கம்பெனிக்கு வீட்டு அலமாரியில் விளம்பரம் செய்வது எதற்கு?

இரண்டாவது கட்சியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புகையிலையால் வருடத்துக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்ல்பரோ விளம்பரங்களில் தோன்றிய ஒருவர், வெய்ன் மெக்லாரன். அணியின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். நுரையீரல் புற்றுநோய் வந்த பிறகு கடைசிக் காலத்தைப் புகைக்கு எதிராகப் பேசுவதில் செலவழித்தார். 1992ல் இறந்தபோது வயது 51. பஞ்சுக் குச்சியால் ஒற்றி ஒற்றி ஒட்டப்படுவது அந்தப் பெயர்தான். அழகான எழுத்து என்பதால் அது வேறு பொருளாகிவிடாது.

ஆனால் அந்தக் கட்சிக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பெயரை விட்டுவிட்டால் விளம்பரம் போய்விடுகிறதா? மாஸ்கிங் டேப்பை உரித்த அந்த நிமிடத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எழுத்தே இல்லாதபோதும் மேஜையில் இருந்தது சிகரெட் பெட்டி. பார்கோடு போட்ட ஃபெராரியைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. டிவியில் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஃப்ளூரசன்ட் பெயின்ட் தேடிய ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும்: சொல்வது எழுத்தல்ல, நிறம். எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறத்தை வைத்துக்கொள்வது, சோடா விளம்பரம் மாதிரிதான். அதைவிட மோசமாகக்கூடச் சொல்லலாம். பெயர் இருக்கும் காரைப் பார்க்கும் பத்து வயதுப் பையன் 'இது என்ன கம்பெனி' என்று கேட்பான். 'சிகரெட்' என்று சொல்ல வேண்டி வரும். அங்கே ஒரு பேச்சு ஆரம்பிக்கும். பெயர் இல்லாத காரைப் பார்ப்பவனுக்குச் சிவப்பும் வெள்ளையும் வெறும் அழகாக மட்டும் மனதில் பதியும்.

முதல் கட்சிக்கும் ஒரு கேள்வி உண்டு. 'கார் எப்படி ஓடியதோ அப்படி' என்றால், எந்த ஞாயிற்றுக்கிழமை ஓடியபடி? ரேஸ் கார் என்பது ஒரே ஒரு கார் இல்லை. இறக்கையின் கோணம் மாறும். ஸ்டிக்கர் மாறும். மழை பெய்தால் டயர் மாறும். 1988 ஜூலையில் சில்வர்ஸ்டோன் மழையில் செனா ஜெயித்தபோது காரில் அந்தப் பெயர் இல்லை. பிரிட்டனின் கட்டுப்பாடு. அக்டோபரில் ஜப்பானின் சுசூகாவில், ஸ்டார்ட்டில் தடுமாறி 14வது இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வந்து முதல் உலகப் பட்டத்தைப் பிடித்தபோது அந்தப் பெயர் இருந்தது. இரண்டும் நிஜம். பெயரில்லாத கார் பொய் என்று சொல்பவர்கள் சில்வர்ஸ்டோனை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, பெயரை ஒட்டுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இது எந்த நாள், எந்த ஊர்? சுசூகா என்றால் பெயர் ஒட்டப்பட வேண்டும், அது சிகரெட் என்று தெரிந்தே ஒட்டப்பட வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் சில்வர்ஸ்டோன், மழை டயரோடு. அப்போது அந்தக் காலியிடமே ஒரு சாட்சி. அந்த வருடமே ஒரு நாடு 'இது இங்கே வேண்டாம்' என்று சொன்னதற்குச் சாட்சி. பெட்டியில் பெயர் வரவில்லை என்பதற்காக மட்டும் காலியாக விடுவதுதான் எந்த நாளையும் சேராத கார். அது கண்காட்சிக் கூடத்தில் நிற்கும் கார்கூட இல்லை, வெறும் பொம்மை.

ஒட்டுப்படங்களில் எல்லாமே விற்பனைக்காக வந்தவை அல்ல என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 1994 மே 1ம் தேதி இமோலாவில் செனா இறந்தது வில்லியம்ஸ் காரில். அதற்குப் பிறகு வந்த வில்லியம்ஸ் கார்களின் முன்பகுதியில் அவருடைய 'எஸ்' சின்னம் சின்னதாக ஒட்டப்பட்டது. ஸ்பான்சர்கள் வந்தார்கள், போனார்கள், நீலம் வெள்ளையாகி மறுபடி நீலமானது, அந்தச் சின்னம் மட்டும் இருந்தது. 2022 காரில்தான் அதை எடுத்தார்கள். அதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. 20ல் ஒரு பங்கு அளவில் அது ஓரிரு மில்லிமீட்டர்தான் வரும். சாமணத்தின் நுனியிலிருந்து தொலைந்துபோனால் தரையில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனாலும் வில்லியம்ஸ் கட்டுபவர்கள் அதைத் தேடித் தேடி ஒட்டுகிறார்கள்.

மிச்சம் இருப்பது கிளியர் கோட். இதிலும் அவசரம் ஆகாது. லேக்கர் கிளியரை முதலிலேயே ஈரமாக அடித்தால் டீகால் மை கரைந்து சுருங்கும். இரண்டு மூன்று முறை தூவல் மட்டும். அது காய்ந்த பிறகுதான் முழுக் கோட். ஒரு வாரம் போனதும் 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்ற வேண்டும். ஓரங்களில் கை அழுத்தினால் கீழே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்த்துவிடும், ஜாக்கிரதை. ஃப்ளூரசன்ட் சிவப்பு வெயிலில் வெளுக்கும் ஜாதி என்பதால் கார் நிற்கும் அலமாரி ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது.

அடிப்பலகையில் பலர் வெறுமனே 'மெக்லாரன் எம்.பி. 4/4' என்று எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக 'சுசூகா, 30 அக்டோபர் 1988, கார் எண் 12' என்று எழுதிப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு சின்ன வரிக்கும் இடம் இருக்கும்: 'நிறம்: ஒரு சிகரெட் பெட்டியினுடையது.' அந்த இரண்டு வரியும் இருந்தால், அலமாரியில் நிற்பதில் எவ்வளவு ரேஸ், எவ்வளவு வியாபாரம் என்பதைப் பார்க்கிறவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.